பெரியம்மாவுக்கு என்ன குறைச்சல்?

யாராவது கதவைத் தட்டினால் பெரியம்மா உடனே திறந்துவிட மாட்டாள். தோளில் கிடக்கும் துண்டின் நுனியை எடுத்து முதலில் வாயைத் துடைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளுக்குக் கை போகும். வந்தவர் தபால்காரராக இருந்தாலும் சரி, குழாய் ரிப்பேர் செய்ய வந்தவராக இருந்தாலும் சரி, அவர் கண்ணுக்கு இப்போதுதான் சாப்பிட்டு எழுந்த ஒருத்தி தெரிவாள். காலை பத்து மணிக்கும் சாப்பிட்டிருப்பாள், மாலை நாலு மணிக்கும் சாப்பிட்டிருப்பாள். அவளுடைய தங்கை மகள் இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள். பெரியம்மா நாள் முழுக்கச் சாப்பிடுகிறவள் என்றே வெகு காலம் நம்பியிருந்தாள். இவ்வளவு சாப்பிட்டும் கை கால் குச்சியாக இருக்கிறதே, எல்லாம் எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டும்விட்டாள். அம்மா தொடையில் கிள்ளியதுதான் அதற்குக் கிடைத்த பதில்.

அந்தத் தங்கை மகளின் பெயர் டிகிரி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிப் படி ஏறி இறங்கிய முதல் ஆள் அவள்தான் என்பதால், தேர்வு முடிவு வந்த அன்று பெரியம்மா சூட்டிய பெயர் இது. ஒட்டிக்கொண்டுவிட்டது. டிகிரி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வேலைதான் இன்னும் வாங்கவில்லை. அதனால் பெரியம்மா இருக்கும் கட்டிடத்தில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும், "டிகிரி சும்மாதானே இருக்கா, கூப்பிடு" என்பது வழக்கமாகிவிட்டது.

பெரியம்மா சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் காலர் தைத்தவள். சட்டை என்பது காலருக்குக் கீழே தொங்கும் ஒரு துணி, அவ்வளவுதான் அவள் கணக்கு. தொழிற்சாலை மூடிய பிறகு, இரண்டாம் மாடியில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீட்டில் மெஷினைப் போட்டு, கால்சட்டை குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது என்று பிழைத்துவந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்ணு பாக்க வந்தவங்களுக்கும் வாயத் தொடச்சுக்கிட்டேதான் கதவத் தொறந்திருப்பா. இவளுக்குத்தான் எல்லாம் இருக்கே, நாம எதுக்குன்னு போயிருப்பாங்க" என்பாள் டிகிரியின் அம்மா.

இப்போது வலது தோள் அத்தனை காலருக்கும் சேர்த்துப் பழிவாங்கிக்கொண்டிருந்தது. கை மார்புக்கு மேலே எழாது. ஒரு மணி நேரம் தைத்தால் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். இரண்டு மாத வாடகை நின்றுவிட்டது. அறையைக் காலி செய்தால் போக்கிடம் ஒன்றுதான்: டிகிரியின் வீட்டில் குளியலறையை ஒட்டிய நடையில் ஒரு கட்டில் போடலாம். மெஷினுக்கு இடமில்லை. அதைவிட, அக்காளும் தங்கையும் இரண்டு நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் மூன்றாம் நாள் பாத்திரம் பறக்கும் என்பது ஊரறிந்த விஷயம். "நீ வந்துடு அக்கா" என்று தங்கை சொல்லியாகிவிட்டது. சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் தூக்கமில்லை.

இந்த நேரத்தில்தான் வேலை தேடும் அலுவலகத்தின் பலகையில் டிகிரி ஓர் அறிவிப்பைப் பார்த்தாள். உழைக்கும் திறன் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறதாம். வாடகையைக் கட்டும் அளவுக்கு வரும். மூச்சிரைக்க மாடியேறி வந்து சொன்னாள்.

"அரசாங்கத்துக்கிட்ட போய் கையேந்தச் சொல்றியா?" என்றாள் பெரியம்மா.

"கைதான் மேல வரமாட்டேங்குதே, எங்க ஏந்தறது? இது பிச்சை இல்ல பெரியம்மா, உங்க உரிமை. இருபத்தாறு வருஷம் சம்பளத்துல பிடிச்சாங்களே, அதுலேருந்துதான் தர்றாங்க."

"எனக்கென்ன குறைச்சல்?"

"நடையில கட்டில் போட அம்மா அளவு எடுத்துட்டாங்க."

பெரியம்மா துணியைக் கீழே வைத்தாள். "எத்தன பக்கம் எழுதணும்?"

பதினான்கு பக்கம். டிகிரி மெஷின் பலகைமேல் படிவத்தை விரித்துவைத்துக் கேள்வி கேட்டாள்.

"நீங்களே தலை சீவிக்க முடியுமா?"

"என் தலை என்ன சீவாமலா இருக்கு?"

"யார் உதவியும் இல்லாம?"

"தினமும் உன்னையா கூப்பிடறேன்?"

"வலி இருக்குமே பெரியம்மா?"

"வலியப் பத்தி எங்க கேட்டிருக்கு, காட்டு."

அந்தக் கட்டத்தில் கேட்டிருக்கவில்லைதான். டிகிரி 'முடியும்' என்று எழுதினாள். மாடி ஏற முடியுமா, முடியும். பாத்திரம் தூக்க முடியுமா, முடியும். கடைசியில் பார்த்தால், விண்ணப்பம் போட்டவள் ஒரு மல்யுத்தக்காரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது போதாதென்று தொழில் என்ற இடம் வந்தது. 'வீட்டில் துணி தைத்தல்' என்று எழுத டிகிரிக்கு மனம் வரவில்லை. இவ்வளவு படித்துவிட்டு இவ்வளவு மொட்டையாகவா எழுதுவது? 'ஆடை வடிவமைப்புத் தொழில்முனைவோர்' என்று எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டியபோது பெரியம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, மூட்டை தூக்கும் தன் அப்பாவை இதே கை 'சரக்குப் போக்குவரத்து மேலாண்மை' என்று எழுதியது டிகிரிக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கள ஆய்வாளர் வீட்டுக்கு வருவார்.

பெரியம்மாவின் அகராதியில் வீட்டுக்கு வருகிறவர் விருந்தாளி. அரசாங்கமே ஆள் அனுப்பி வீட்டுக்கு வருகிறது என்றால் லேசா? திங்கட்கிழமை காலையிலேயே டிகிரிக்கு ஆள் போய்விட்டது. மேல் மாடி பஸ் டிரைவர் வீட்டிலிருந்து ஸ்டாண்டு ஃபேன் வந்தது. நர்ஸம்மா வீட்டிலிருந்து பூப்போட்ட டீ கப் ஆறு வந்தன. ஜன்னலுக்கு, யாரோ ஓரம் அடிக்கக் கொடுத்திருந்த திரைச்சீலை ஏறியது. இனி நாற்காலிதான் பாக்கி. மெத்தை வைத்த நல்ல நாற்காலி அந்தக் கட்டிடத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. எதிர்வீட்டு இஸ்திரிக்காரியின் வீட்டில்.

அங்கேதான் சிக்கல். பெரியம்மாவும் இஸ்திரிக்காரியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடையில் துணி காயப்போடும் கொடியைப் பெரியம்மா ஒருநாள் அவிழ்த்து, தாழ்வாக இறக்கிக் கட்டினாள். இஸ்திரிக்காரியின் வீட்டு வாசலில் ஈரத் துணி முகத்தில் அடித்தது. கேட்கப் போனவளிடம், "என் கொடி, என் இஷ்டம்" என்றாள் பெரியம்மா. அன்றோடு சரி.

"போய் நாற்காலி கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத" என்றாள் பெரியம்மா.

டிகிரி போனாள். இஸ்திரிக்காரி துணி தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. "நாற்காலி உட்காரவா, பெருமைக்கா?"

"ஒரு அதிகாரி வர்றாரு அக்கா."

"அப்ப பெருமைக்குத்தான். எடுத்துட்டுப் போ. திருப்பித் தரும்போது நாலு காலும் இருக்கணும்னு நான் சொன்னதா சொல்லாத, ஆனா சொல்லிடு."

அங்கே இருந்த இரண்டு நாற்காலியையும் சுமந்து வந்து போட்டுவிட்டுப் பார்த்தபோது அறை அறையாகவே இல்லை. டிகிரிக்கே பெருமையாக இருந்தது. அதிகாரிகள் மதிப்பான வீட்டைத்தான் மதிப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வந்தவர் இளைஞர், தோளில் பை, கையில் அட்டை. பெரியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "வாங்க தம்பி, உட்காருங்க. டிகிரி, ஃபேனப் போடு." பூப்போட்ட கப்பில் டீ, தட்டில் பிஸ்கட்.

"தோள் வலின்னு எழுதியிருக்கீங்களேம்மா, எப்படி இருக்கு?"

"வயசானா நாலு வலி இருக்கத்தானே தம்பி செய்யும். எனக்கென்ன குறைச்சல்? நல்லா இருக்கேன். பிஸ்கட் எடுத்துக்குங்க."

"தொழில் எப்படிப் போகுது?"

"கை ஓயாம வேலை வருது."

வேலை வருவது உண்மை. செய்ய முடியாமல் திருப்பி அனுப்புவதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொன்னாள். தம்பியின் பார்வை சுவரோரம் நின்ற ஃப்ரிஜ்ஜின் மேல் போனது. அது செத்து நாலு வருடம். எலி நுழையாது என்பதால் வாடிக்கையாளர் துணிகளை அதற்குள்தான் வைத்திருந்தாள். அவர் எழுந்து பக்கத்தில் போகப் பார்த்ததும் பெரியம்மா குறுக்கே போய் நின்றுகொண்டாள். ஓடாத ஃப்ரிஜ்ஜை விருந்தாளிக்குத் திறந்து காட்டுவதா? தம்பி சிரித்துவிட்டு அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டார். போகும்போது, "ரொம்ப நல்ல டீம்மா" என்றார்.

"பாத்தியா? கையில வந்த மாதிரிதான்" என்றாள் பெரியம்மா, அவர் படியிறங்கியதும்.

மூன்று வாரத்தில் வந்தது பதில். விண்ணப்பதாரர் நல்ல வருவாயுள்ள தொழில் நடத்துகிறார், வீட்டில் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, மெத்தை நாற்காலிகள் உள்ளன, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார், உதவித்தொகைக்குத் தகுதியில்லை. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பெரியம்மா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "தப்பா ஒண்ணும் எழுதலியே அந்தத் தம்பி. எல்லாம் நல்லவிதமாத்தானே எழுதியிருக்கு?" என்றாள். அதைச் சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தவள் மாலைவரை எழுந்திருக்கவில்லை.

படிவத்தோடு ஒரு சின்னக் கையேடும் கொடுத்திருந்தார்கள். டிகிரி அதை அன்றைக்குத்தான் பிரித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: ஒரு வேலையைப் பெரும்பாலான நாட்களில், திரும்பத் திரும்ப, கடும் வலி இல்லாமல் செய்ய முடிந்தால் மட்டுமே 'முடியும்' என்று எழுத வேண்டும். பதினாறு வருடம் படித்தவள் ஒரு கையேட்டின் ஒன்பதாம் பக்கம்வரை படிக்கவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், கடைசியில் கோட்டைவிட்டது யார்? பெரியம்மா டீயோடு நிறுத்திக்கொண்டாள். பேனா பிடித்தது தன் கை அல்லவா? வீடு போய்ச் சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

மேல்முறையீட்டை அவள் மொட்டையாக எழுதினாள். வீட்டில் துணி தைத்தல். வலது கை மார்புக்கு மேல் எழாது. டாக்டரிடம் ஒரு சான்று வாங்கினாள். இன்னொன்றும் வேண்டியிருந்தது. விண்ணப்பதாரரின் அன்றாட வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்க்கும், உறவினர் அல்லாத ஒருவர் விசாரணைக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும்.

பஸ் டிரைவர் விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிறவர். நர்ஸம்மாவுக்கு மாறி மாறி ஷிஃப்ட். பக்கத்திலிருந்து பார்ப்பவர் என்றால், கதவுக்கு நேர் கதவாக ஒருத்திதான்.

"அவளா?" என்றாள் பெரியம்மா. "நான் உன் அம்மா வீட்டு நடையிலேயே கெடக்கறேன்."

டிகிரி அதைக் காதில் வாங்காமல் எதிர்வீட்டில் போய்க் கேட்டாள். இஸ்திரிக்காரி ஒரு சட்டையைத் தேய்த்து மடித்து அடுக்கினாள். பிறகு, "அவளே வந்து கேக்கட்டும்" என்றாள்.

பெரியம்மா போய்க் கேட்கவில்லை. இஸ்திரிக்காரியும் வருகிறேன் என்று சொல்லவில்லை. விசாரணை நாளும் வந்தது. சாட்சி இல்லாமலே பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு டிகிரி பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அங்கே இஸ்திரிக்காரி நல்ல செருப்பு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்கக்கா?"

"எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்றாள், வானத்தைப் பார்த்து. பஸ்ஸில் அவள் முன்னால் ஏறினாள், பெரியம்மா பின்னால் ஏறினாள். டிகிரி நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ஒன்பது நிறுத்தம் போனாள். அலுவலக வாசலிலும் அந்த வேலை முடிந்தபாடில்லை. மூவரும் ஒரே அறைக்குள் போனார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா தலைவி, வலப்பக்கம் டாக்டர், இடப்பக்கம் எழுதுகிறவர். ஓரத்தில் அந்தக் கள ஆய்வாளர் தம்பியும் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அவரைப் பார்த்து, "சௌக்கியமா தம்பி?" என்று விசாரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு இவங்கள எவ்வளவு நாளா தெரியும்?" என்று தலைவி இஸ்திரிக்காரியைக் கேட்டார்.

"பதினோரு வருஷமா எதிர்வீடு. மூணு வருஷமா பேச்சு கிடையாது."

"பேசாதவங்களப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசறவங்களப் பத்தித்தாங்க ஒண்ணும் தெரியாது, அவங்க சொல்றத நம்பிட்டுப் போயிடுவோம். பேசாதவங்களத்தான் காது குடுத்துக் கேப்போம். சுவர் வேற மெல்லிசு."

எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இஸ்திரிக்காரி மளமளவென்று சொன்னாள். "அந்த நாற்காலி என்னோடது. ஃபேன் டிரைவர் வீட்டோடது. கப் நர்ஸம்மாவோடது. பிஸ்கட் ஒண்ணுதான் இவளோடது, அதயும் இந்தத் தம்பியே தின்னுட்டாரு. ஃப்ரிஜ் செத்து நாலு வருஷமாச்சு. கதவத் தொறந்தா குளிராது, கால்சட்டதான் மேல விழும்."

பெரியம்மா சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"கொடிய இறக்கிக் கட்டினா. வீம்புக்குன்னு நெனச்சு நான் சண்டைக்குப் போனேன். அப்புறம் ஒருநாள் கதவு தொறந்திருந்துச்சு, பாத்தேன். சட்டையக் கட்டில் கம்பியில மாட்டிவச்சுட்டு, குனிஞ்சு அதுக்குள்ள நொழைஞ்சுகிட்டிருந்தா. கை தூக்க முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கொடிய நானே இறக்கிக் கட்டியிருப்பேங்க. வாயத் தொறந்தாத்தானே? இப்பவும் காலையில சட்டை போட்டுக்க இவளுக்கு இருபது நிமிஷம். பல்லக் கடிக்கற சத்தம் என் வீடுவரைக்கும் கேக்கும்."

தலைவி பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது உண்மையாம்மா?"

டிகிரி பெரியம்மாவின் வாயையே பார்த்தாள். 'எனக்கென்ன குறைச்சல்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அறையும் போச்சு, மெஷினும் போச்சு. பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் தலைவியைப் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் முதன்முறையாக இஸ்திரிக்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

"இருபது நிமிஷமெல்லாம் கெடையாது. பதினஞ்சுதான்."

"இருபது" என்றாள் இஸ்திரிக்காரி.

"பதினஞ்சு."

"குளிர் நாள்ல?"

"குளிர் நாள்ல பதினெட்டு. அதுக்கு மேல போனதில்ல."

"ஊசியில நூல் கோக்கறது?" என்று டாக்டர் நடுவில் புகுந்தார்.

"கோத்துடுவேன்."

"நாலாவது தடவையில" என்றாள் இஸ்திரிக்காரி.

"மூணாவது தடவையில!"

"தலை சீவறது?"

"தலையக் குனிஞ்சு சீப்புகிட்ட கொண்டுபோவா" என்றாள் இஸ்திரிக்காரி. இதற்குப் பெரியம்மா மறுப்புச் சொல்லவில்லை. எண்ணிக்கை எதுவும் இல்லாததால் பேரம் பேச வழியில்லை. தலைவி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பதினைந்து. குளிர் நாளில் பதினெட்டு. மூன்றாவது தடவை. டிகிரி கைக்குட்டையை எடுத்தாள். சிரிப்பு வந்ததால்தான் எடுத்தாள். ஆனால் துடைக்க வேண்டியிருந்தது கண்ணை.

நான்கு வாரத்தில் உதவித்தொகை உத்தரவு வந்தது, விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கிட்டு. நின்ற வாடகை போய்ச் சேர்ந்தது. டிகிரியின் அம்மா செய்தியைக் கேட்டு, "அக்கா வராதது கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் பாக்கி நின்றது. இஸ்திரிக்காரியிடம் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை.

"நீ படிச்சவ, நீ பக்குவமா சொல்லிட்டு வாயேன்" என்றாள் பெரியம்மா.

"நான் அன்னைக்கே சொல்லிட்டேன். இது உங்களோடது" என்றாள் டிகிரி.

பெரியம்மா வேறு வழி பார்த்தாள். இஸ்திரிக்காரியின் மெத்தை நாற்காலிக்கு உறை தைத்துக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று, நாலு நாள் தோளைக் கெஞ்சித் தைத்து, டிகிரியிடம் கொடுத்தனுப்பினாள். இஸ்திரிக்காரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தையல் நேர்த்தி என்றாள், கூலியை எண்ணி டிகிரியின் கையில் வைத்தாள். "உறைக்கு உறைக்கான காசு. மத்தது மத்ததுக்கு" என்றாள்.

இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர் வராதது, டிரைவர் வீட்டுக் குழந்தையின் இருமல், கட்டிடச் சொந்தக்காரரின் கஞ்சத்தனம், எல்லாம் பேசுகிறார்கள். அந்த ஒன்றைத் தவிர. எட்டு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் இஸ்திரிக்காரிக்குக் காய்ச்சல். பெரியம்மா எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். டிகிரி இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ வந்து..." என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

இஸ்திரிக்காரி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். "வந்து?"

பெரியம்மா வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"சரி, படு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.